திருநள்ளாறு டு அண்டார்டிகா: காக்கைக்குச் சோறு யார் வைப்பது?

சனிக்கிழமை என்றால் திருநள்ளாறு விடிவதற்கு முன்பே விழித்துக்கொள்ளும். காரைக்காலிலிருந்து வரும் சாலையில் கார்களும் வேன்களும் வரிசை கட்டும். நள தீர்த்தத்தில் நல்லெண்ணெய் தேய்த்துத் தலை முழுகுவார்கள். தர்ப்பாரண்யேஸ்வரரைக் கும்பிட்டு, சனி பகவான் சந்நிதியில் நின்று, பிறகு கோயில் வாசலில் காக்கைக்குச் சோறு வைப்பார்கள். வருகிறவர்கள் எல்லோருக்கும் வேண்டுதல் ஒன்றுதான்: இந்தக் காலம் நல்லபடியாகக் கடந்து போக வேண்டும். சனி ஒரு ராசியில் இரண்டரை ஆண்டு இருப்பார். மூன்று ராசிக்குச் சேர்த்தால் ஏழரை. அதைக் குறுக்கு வழியில் முடிக்க முடியாது, காத்துத்தான் கடத்த வேண்டும் என்பது இங்கே வரும் எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் குளக்கரைக்குப் பக்கத்தில் நல்லெண்ணெய்ப் பாக்கெட், கறுப்புத் துணி, எள்ளுப் பொட்டலம் விற்கும் ஓர் அம்மாவின் மகன்தான் அண்டார்டிகா போகத் திட்டம் போட்டான். வயது 33. டிப்ளமோ படித்தவன். காரைக்கால் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஜெனரேட்டர் மெக்கானிக் வேலை. விஷயத்தை வீட்டில் சொன்னபோது, அம்மா எண்ணெய்ப் பாக்கெட்டுகளை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்:

“ஊர் உலகமெல்லாம் சனியைத் தொலைக்க இங்க வருது. நீ அதைத் தேடிக்கிட்டு பூமிக்கு அடியில போறேங்கிறியா?”

காரைக்கால் வட்டாரத்துக்குக் கடல் தாண்டிப் போவது புதிதல்ல. பிரெஞ்சு ஆட்சி 1954 வரை இருந்த மண். சைகோன் வரை போய்வந்த ‘சொல்தா’ தாத்தாக்களின் கதை இன்னும் தெருவுக்குத் தெரு உண்டு. பாரீஸில் மாமா, சித்தப்பா இருக்கிற வீடுகள் ஏராளம். ஆனால், பாரீஸ் போனவர் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் மறுநாள் விமானம் ஏறிவிடலாம். அண்டார்டிகாவில் குளிர்காலம் தொடங்கிவிட்டால் அது நடக்காது. இந்த வீட்டில் இரண்டு மாதம் நடந்த பேச்செல்லாம் இந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான்.

போவது எப்படி?

‘அண்டார்டிகா போவதற்குப் பெரிய விஞ்ஞானியாக இருக்க வேண்டும்’ என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது பாதி உண்மை. அங்கே இந்தியாவுக்கு ஆண்டு முழுவதும் இயங்கும் 2 ஆய்வு நிலையங்கள் இருக்கின்றன. ஷிர்மாக்கர் பாறைத் திட்டில் 1989-ல் அமைந்த ‘மைத்ரி’ ஒன்று. லார்ஸ்மன் குன்றுகளில் 2012-ல் திறக்கப்பட்ட ‘பாரதி’ மற்றொன்று. 134 கப்பல் கன்டெய்னர்களை அடுக்கிக் கட்டிய கட்டடம் அது. இரண்டுக்கும் நடுவே சுமார் 3,000 கிலோமீட்டர்.

அங்கே பனியையும் காற்றையும் பாறையையும் ஆராய்கிறவர்கள் உயிரோடு இருக்க வேண்டுமானால், வெளிச்சம் எரிய வேண்டும், தண்ணீர் வர வேண்டும், சமையல் நடக்க வேண்டும். அதற்காக ஜெனரேட்டர் மெக்கானிக், வண்டி மெக்கானிக், எலெக்ட்ரீஷியன், வெல்டர், பிளம்பர், கார்பென்டர், சமையல்காரர், நர்ஸ், டாக்டர் என்று பலரை எடுக்கிறார்கள். கோவாவின் வாஸ்கோ நகரில் இருக்கும் தேசிய துருவ மற்றும் கடல் ஆராய்ச்சி மையம் இந்தப் பயணங்களை நடத்துகிறது. இந்த வேலைகளில் பலவற்றுக்கு ஒப்பந்த அடிப்படையில் ஆள் எடுப்பதாக அறிவிப்பு வரும். அப்படி வந்த ஒரு பழைய அறிவிப்பை நண்பன் ஒருவன் வாட்ஸ்அப்பில் அனுப்பிவைக்க, அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

காசு கட்டிச் சுற்றுலாவாகப் போகிறவர்களும் உண்டு. அர்ஜென்டினாவின் தென்கோடியில் உள்ள உஷுவாயா துறைமுகத்திலிருந்து நவம்பர் முதல் மார்ச் வரை கப்பல்கள் கிளம்புகின்றன. டிரேக் நீரிணையைக் கடக்கவே இரண்டு நாள் ஆகும். குமட்டலைத் தாங்க வேண்டும், பல லட்சம் ரூபாய் செலவழிக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு நாளில் பென்குவின்களைப் பார்த்துப் படமெடுத்துத் திரும்பிவிடலாம். மகனிடம் அந்தக் காசு இல்லை. “இருந்தாலும் அப்படிப் போறதுல என்ன இருக்கு? அங்க ஒரு மெஷினை ஓட வெச்சிட்டு வந்தேன்னு சொல்லணும்” என்பது அவன் கட்சி.

அறிவிப்பில் இரண்டு வழி இருந்தது. கோடை அணியில் போனால் நான்கு மாதம் போலத்தான். குளிர்கால அணியில் போனால் ஓராண்டுக்கு மேல். கோடை என்றால் நமக்கு மார்கழி, தை. அப்போது அங்கே சூரியன் அஸ்தமிப்பதே இல்லை. கேப் டவுனிலிருந்து சுமார் 6 மணி நேரத்தில் விமானம் பனிக்கட்டி ஓடுதளத்தில் இறங்கும். கப்பலும் வரும். மார்ச் வாக்கில் கடைசி விமானமும் கப்பலும் கிளம்பிவிட்டால், சுற்றிலும் கடல் உறையத் தொடங்கும். பிப்ரவரியில் 30 லட்சம் சதுர கிலோமீட்டர் அளவில் இருக்கும் கடல்பனி, செப்டம்பரில் 180 லட்சத்துக்கு அருகில் போய்விடுகிறது. ஒரு கண்டம் ஆண்டுதோறும் தன்னைச் சுற்றி இன்னொரு கண்டத்தைக் கட்டிக்கொள்கிற மாதிரி. அதன்பின் நவம்பர் வரை உள்ளே போகவும் வழியில்லை, வெளியே வரவும் வழியில்லை.

“அப்போ நான் கண்ணை மூடினா?” என்று அம்மா கேட்டார். இதையும் எண்ணெய்ப் பாக்கெட்டை அடுக்கிக்கொண்டேதான் கேட்டார்.

மகனிடம் பதில் இல்லை.

சன்னாநல்லூர் கல்

அம்மாவைச் சமாதானப்படுத்த அவன் செய்த முதல் காரியம், அவரை பைக்கில் உட்காரவைத்துப் பேரளம் தாண்டி சன்னாநல்லூருக்குக் கூட்டிப்போனதுதான். திருவாரூர் மாவட்டத்தில் நன்னிலத்துக்குப் பக்கத்தில் உள்ள ஊர். அந்த ஊர்க்காரர் கர்னல் பா.கணேசன், 1987 முதல் 1989 வரையிலான இந்திய அண்டார்டிகா பயணத்தில் குளிர்கால அணிக்குத் தலைவராக இருந்த ராணுவ அதிகாரி. சொந்த ஊரில் அவர் அமைத்த அகத்தூண்டுதல் பூங்காவில், அண்டார்டிகாவிலிருந்து கொண்டுவந்த கல் ஒன்று இருக்கிறது.

கணேசன் போன காலத்தில் மைத்ரியும் இல்லை, பாரதியும் இல்லை. 1983-84-ல் இந்தியா கட்டிய முதல் நிலையமான ‘தட்சிண கங்கோத்ரி’ மட்டும்தான். அது பாறைமேல் கட்டியதல்ல, கடலில் மிதக்கும் பனித்தட்டின் மீது கட்டியது. ஆண்டுதோறும் விழுகிற பனியில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதைந்துகொண்டே போய், கடைசியில் கைவிடப்பட்டது. அப்படிப்பட்ட வீட்டுக்குள் ஒரு குளிர்காலம் முழுக்க ஆட்களைக் கட்டிக் காத்து, எல்லோரையும் ஊர் திருப்பிக் கூட்டிவருவதுதான் தலைவரின் வேலை.

அம்மா கல்லைத் தொட்டுப் பார்த்தார். வெயிலில் சுட்டது.

“இது அங்கேர்ந்து வந்ததா? நம்மூர்க் கல்லு மாதிரிதானேடா இருக்கு?”

அம்மா கேட்டதில் நியாயம் இருக்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்தியாவின் கிழக்குக் கரையும் அண்டார்டிகாவும் கோண்டுவானா என்ற ஒரே பெருநிலத்தில் ஒட்டிக்கொண்டிருந்தவை. பாரதி நிலையம் இருக்கும் லார்ஸ்மன் குன்றுப் பாறைகளையும் நம் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பாறைகளையும் ஒப்பிட்டு ஆராய்வது அங்கே இந்திய விஞ்ஞானிகள் செய்யும் வேலைகளில் ஒன்று. பிரிந்து வந்த நிலம் வடக்கே நகர்ந்து வெயிலில் நின்றது. விடுபட்ட நிலம் தெற்கே போய்ப் பனிக்குள் மூடிக்கொண்டது. இன்று அதன் 98 சதவிகிதம் பனிக்கு அடியில்தான் இருக்கிறது. பனியின் சராசரித் தடிமன் மட்டுமே 2 கிலோமீட்டருக்கு அருகில்.

மகன் இதையெல்லாம் விளக்கியபோது அம்மா கேட்டுக்கொண்டார். திரும்பி வரும் வழியில் ஒன்று மட்டும் சொன்னார்: “அந்த மிலிட்டரிக்காரர் திரும்பி வந்துட்டார். சரி. அவர் போயிருந்தப்போ அவங்க வீட்ல எப்படி இருந்தாங்கன்னு அந்தக் கல்லு சொல்லாது.”

எள் எடுத்துப் போகலாமா?

இருந்தாலும் பட்டியல் தயாரானது. சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரின் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் அம்மா சொல்லச் சொல்ல மகன் எழுதினான். மாவடு, நாரத்தங்காய் ஊறுகாய், பருப்புப்பொடி, கோயில் விபூதி, ஒரு துளசிச் செடி, நவகிரகப் படம், சனிக்கிழமை விளக்குக்கு எள்ளுப் பொட்டலம்.

துளசி முதலில் அடிபட்டது. அண்டார்டிக் உடன்படிக்கை கையெழுத்தானது 1959-ல். இந்தியா அதில் சேர்ந்தது 1983-ல். அதன் தொடர்ச்சியாக 1991-ல் வந்த சுற்றுச்சூழல் நெறிமுறை, வெளியிலிருந்து மண்ணும் செடியும் விதையும் உள்ளே வருவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது. பனிச்சறுக்கு வண்டி இழுத்த நாய்களைக்கூட 1994 ஏப்ரலுக்குள் வெளியேற்றிவிட்டார்கள். நம் நாடாளுமன்றமும் 2022-ல் இந்திய அண்டார்டிக் சட்டத்தை நிறைவேற்றி இவற்றுக்குத் தண்டனையும் வைத்திருக்கிறது. அங்கிருந்து ஒரு கூழாங்கல்லைக்கூட அனுமதி இல்லாமல் எடுத்துவர முடியாது. குப்பையையும் அங்கே போட்டுவிட்டு வர முடியாது, மூட்டை கட்டித் திரும்பக் கப்பலில் ஏற்ற வேண்டும்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று தோன்றலாம். போவா அனுவா என்றொரு சாதாரணப் புல் இருக்கிறது. ஆட்களின் காலணியிலும் சரக்கிலும் ஒட்டிக்கொண்டுபோய், அண்டார்டிகாவில் போலந்து நாட்டு நிலையத்தைச் சுற்றி வேர் பிடித்துவிட்டது. பிடுங்கி எறிய ஆண்டுக்கணக்காகப் பாடுபடுகிறார்கள். அதனால் துருவம் போகிறவர்கள் பழைய ஜாக்கெட்டின் பாக்கெட் மூலையையும், வெல்க்ரோ பட்டையையும், ஷூவின் அடிப்பக்கத்தையும்கூடச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். ஒரு விதை போதும்.

“எள்ளு விதைதான், அம்மா. அதுவும் கூடாது” என்றான் மகன்.

நாற்பது வருடமாக எள் விற்கிறவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “வறுத்த எள்ளு முளைக்காதுடா. உருண்டை பிடிச்சுத் தரேன். கோவாவுல கேட்டுக்கிட்டுக் கொண்டு போ.”

விளக்கும் அடிபட்டது. துருவத்தில் குளிரைவிட அதிகமாகப் பயப்படுவது நெருப்புக்குத்தான். காற்று எலும்பு உலர்கிற அளவுக்கு வறண்டது. அணைக்கத் தண்ணீர் வேண்டுமானால் அதையே முதலில் உருக்கியாக வேண்டும். குடியிருக்கும் கட்டடம் எரிந்துபோனால் அடுத்த வீடு என்று ஒன்று கிடையாது. புகையும் அப்படித்தான். 9-வது இந்தியப் பயணத்தின்போது, 1990-ல், மலைப்பகுதியில் முகாமிட்டிருந்த 4 இந்தியர்கள் கூடாரத்துக்குள் சூழ்ந்த கார்பன் மோனாக்சைடால் இறந்துபோனார்கள். மகன் இதை அம்மாவிடம் சொல்லவில்லை. ஜெனரேட்டர் மெக்கானிக் என்ற முறையில் அதைத் திரும்பத் திரும்பப் படித்தான்.

அவனுடைய வேலையின் கனம் என்னவென்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. காரைக்காலில் ஜெனரேட்டருக்கு எதிரி சூடும் உப்புக்காற்றும். கரன்ட் போனால்தான் அதற்கு வேலை. அங்கே ஜெனரேட்டர்தான் கரன்ட். மைனஸ் 30 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டீசல் மெழுகுபோல் திரண்டுவிடும், தனி எரிபொருள் வேண்டும். இன்ஜினிலிருந்து வரும் வெப்பத்தை நாம் இங்கே வீணாக வெளியே விடுகிறோம். பாரதியில் அந்த வெப்பம்தான் கட்டடத்தைச் சூடாக்குகிறது. மெஷின் நின்றால் விளக்கு மட்டும் அணையாது, தண்ணீர்க் குழாய் உறையும், பிறகு மனிதர்கள்.

சூரியன் வராத ஆனி மாதம்

பட்டியலில் கடைசியாக இருந்தது பொருள் அல்ல, ஒரு நாள். அப்பாவின் திதி.

அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. ஆனி மாதம் திதி வரும். அன்று காலையில் குளித்து, படையல் போட்டு, மொட்டை மாடிச் சுவரில் காக்கைக்குச் சோறு வைத்துக் கூப்பிடுவது மகனின் பொறுப்பு. காக்கை வந்து எடுக்கும்வரை வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. சனி பகவானின் வாகனம் காக்கை. அதனாலோ என்னவோ, திருநள்ளாற்றில் காக்கைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால், ‘அப்பா சீக்கிரம் வந்துட்டார்’ என்று சொல்லிக்கொள்வதில் ஒவ்வொரு வருடமும் அந்த வீட்டுக்கு ஒரு நிம்மதி.

ஆனி மாதம் என்பது அண்டார்டிகாவில் நடு இரவு. மே கடைசி வாக்கில் மறையும் சூரியன் ஜூலையில்தான் மறுபடி எட்டிப் பார்க்கும். ஜூன் 21 அங்கே ஆண்டின் நட்டநடு இருட்டு. அன்று எல்லா நாட்டு நிலையங்களும் ஒன்றுக்கொன்று வாழ்த்து அனுப்பிக்கொண்டு விருந்து சமைத்துக் கொண்டாடுகின்றன. பாதி இருட்டைக் கடந்தாயிற்று என்பதுதான் கொண்டாட்டத்துக்குக் காரணம்.

“சூரியனே வரலேன்னா நாள் எப்படிடா மாறும்? திதி எப்படிக் கணக்கு?” என்று அம்மா கேட்டார்.

“கடிகாரம் இருக்கும்மா.”

“காக்கா?”

காக்கை இல்லை. ஸ்குவா என்றொரு பழுப்பு நிறப் பெரிய பறவை நிலையங்களின் பக்கம் வரும். பென்குவின் முட்டையைத் திருடித் தின்னும், மனிதர்களிடமும் தட்டிப் பறிக்கப் பார்க்கும். நடத்தையில் நம்மூர்க் காக்கைக்கு அண்ணன் முறை. ஆனால், அதற்கு ஒரு பருக்கைகூட வைக்கக் கூடாது. காட்டு உயிர்களுக்கு உணவு கொடுப்பது விதிப்படி தவறு. விதி விட்டாலும் பயனில்லை. குளிர்காலம் தொடங்கியதும் ஸ்குவாவும் வடக்கே பறந்துவிடும். ஆனி மாதத்தில் வாசலில் நின்று ‘கா... கா...’ என்று கூப்பிட்டால் கேட்பதற்குக் காற்று மட்டும்தான் இருக்கும்.

அம்மா அன்று அதற்கு மேல் பேசவில்லை. சிரிப்பாகத் தொடங்கிய பேச்சு அங்கே நின்றுவிட்டது.

அக்கா கேட்ட கேள்வி

மயிலாடுதுறையிலிருந்து அக்கா வந்தார். இரண்டு பிள்ளைகள், ஒரு தையல் மெஷின், மாமியார் என்று ஓடுகிற வீடு அவருடையது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தபோது பத்து நாள் கூட இருந்தவர் அவர்தான். முழங்கால் வலிக்கு மாதாமாதம் டாக்டரிடம் கூட்டிப்போவதும் அவர்தான். தம்பி சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அமைதியாகக் கேட்டார்:

“நீ போறதுக்கு எல்லாம் பிளான் பண்ணிட்டே. என்னை எந்த லிஸ்ட்ல எழுதியிருக்கே?”

அதுவரை அவன் தயாரித்த தாள்களில் மருத்துவப் பரிசோதனை இருந்தது. டெல்லி எய்ம்ஸில் உடம்போடு மனநிலையையும் சோதிப்பார்கள். உத்தரகாண்டின் ஔலியில் இந்தோ-திபெத் எல்லைப் போலீஸாரிடம் பெறும் பனிப் பயிற்சி இருந்தது. எந்தச் சொத்தையைப் பல் டாக்டரிடம் முன்கூட்டியே அடைத்துக்கொள்ள வேண்டும் என்பதுகூட இருந்தது. தான் இல்லாத நாட்களில் அம்மா மருந்துக் கடைக்கு யாரோடு போவார் என்பது ஒரு தாளிலும் இல்லை.

துருவப் பயணங்களைப் பற்றிப் படிக்கும்போது நம் கண்ணில் படுவதெல்லாம் போனவர்களின் துணிச்சல்தான். மைத்ரிக்குச் சில கிலோமீட்டர் தள்ளி நோவோலாசரெவ்ஸ்கயா என்ற ரஷ்ய நிலையம் இருக்கிறது. அங்கே 1961 ஏப்ரல் 30 அன்று லியோனிட் ரோகோசோவ் என்ற 27 வயது டாக்டர், தன் குடல்வாலைத் தானே அறுத்து எடுத்துக்கொண்டார். நிலையத்தில் வேறு டாக்டர் இல்லை, வெளியே போக வழியும் இல்லை. இஸ்ரோவைச் சேர்ந்த மங்கள மணி தன் 56-வது வயதில், 2016-ல் கிளம்பி, பாரதியில் 403 நாட்கள் இருந்தார். 23 பேர் அணியில் அவர் ஒருவர்தான் பெண். இவர்களெல்லாம் அங்கே தாக்குப்பிடித்ததை உலகம் எழுதி வைத்திருக்கிறது. ஊரில் அவர்கள் வீட்டுக் கதவைத் தினமும் திறந்து மூடியவர்களைப் பற்றி யாரும் அவ்வளவாக எழுதுவதில்லை.

அக்கா சண்டை போடவில்லை. கணக்கு கேட்டார். அம்மா திருநள்ளாற்றில் தனியாக இருப்பதா, மயிலாடுதுறைக்கு வருவதா? கடையை யார் பார்ப்பது? ராத்திரியில் நெஞ்சுவலி என்றால் யார் ஆட்டோ பிடிப்பது? சம்பளத்தில் எவ்வளவு வீட்டுக்கு வரும், யார் பெயரில் வரும்? எல்லாவற்றுக்கும் மேலே, அம்மா முதல் நாள் கேட்டுவிட்டு விட்டுப்போன அந்தக் கேள்வி.

“அம்மாவுக்கு ஒண்ணுன்னா நீ வர முடியாது. கொள்ளி வைக்கப் பங்காளி வீட்டுப் பசங்களைத்தான் கூப்பிடணும். அவங்க வாசல்ல போய் நிக்கிறது யாரு? நான்.”

சொல்லக் கூடாத வார்த்தை என்று யாரும் தடுக்கவில்லை. பதில் சொன்னது அம்மாதான்.

“பங்காளி வீட்டு வாசல்ல எதுக்கு நிக்கணும்? பத்து நாள் ஆஸ்பத்திரியில படுத்திருந்தேன். எனக்குச் சோறு ஊட்டினது நீ. அதுக்குப் பங்காளியைக் கூப்பிடலையே. நீயே வை. அவன் இருந்தாலும் சரி, இல்லாட்டாலும் சரி. என் விருப்பம் இது.”

அக்கா அழுதார். மகனும் அழுதான். அம்மா மட்டும் அழவில்லை. அப்பாவின் திதிக்கும் அப்போதே முடிவானது: ஆனி மாதம் அக்கா திருநள்ளாற்றுக்கு வந்துவிட வேண்டும், சோறு அவர்தான் வைக்க வேண்டும். செயற்கைக்கோள் புண்ணியத்தில் இப்போது அங்கிருந்து போன் பேச முடியும் என்பதால், மொட்டை மாடியிலிருந்து அக்கா கூப்பிடுகிற சத்தத்தை அவன் கேட்டுக்கொள்ளலாம்.

மற்றவையெல்லாம் அதன்பின் சுலபமாக முடிந்தன. கடையை வாரத்தில் சனி, ஞாயிறு மட்டும் திறப்பது. அதற்குப் பக்கத்துக் கடைப் பெண்ணைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்வது. மற்ற நாட்களில் அம்மா மயிலாடுதுறையில். மாதம் வரும் சம்பளத்தில் பாதி அக்கா பெயரில். அது உதவித்தொகை இல்லை, அவர் செய்யும் வேலைக்குரியது என்று தாளில் எழுதி வைத்தார்கள். அம்மாவின் ரத்த அழுத்தம், சர்க்கரை, மாத்திரைப் பெயர்கள் அடங்கிய அட்டை ஒன்று அக்காவின் பர்ஸில்.

திருமணப் பேச்சு மட்டும் பாக்கி இருந்தது. தரகர் ஜாதகக் கட்டோடு வந்து, “பையனுக்கு இப்போ நேரம் சரியில்லை, ரெண்டு வருஷம் போகட்டும்” என்றார். “அதுக்குத்தான் அங்க அனுப்புறேன்” என்றார் அம்மா.

எந்தக் கட்டம்?

விண்ணப்பம் நிரப்பும் நாள் வந்தது. மகன் மனதுக்குள் ஓர் ஏற்பாடு செய்திருந்தான். கோடை அணி என்றே எழுதிவிடலாம், நான்கு மாதம்தான், திதிக்கும் ஊரில் இருக்கலாம், யாருக்கும் கஷ்டம் இல்லை. அதைச் சொன்னபோது அம்மாவுக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்தான்.

“மெஷினை ஓட வைக்கப் போறேன்னியே, அது எப்போ ரொம்ப முக்கியம்? வெயில் காலத்துலயா, குளிர்லயா?”

“குளிர்லதான்.”

“அப்புறம் என்ன?”

மகன் தயங்கினான். குளிர்கால அணி என்றால் போக வர எல்லாம் சேர்த்து ஒன்றேகால் வருடம்போல ஆகும் என்று நினைவூட்டினான். 2023 டிசம்பர் 20 சனிப்பெயர்ச்சி அன்று குளக்கரையில் நிற்க இடமில்லாத கூட்டத்துக்கு விடிய விடிய எண்ணெய் விற்றவர் அந்த அம்மா.

“எங்கிட்ட எண்ணெய் வாங்குறவங்க ஏழரை வருஷத்தை எண்ணி எண்ணிக் கடத்துறாங்க. நான் ஒண்ணேகால் வருஷம் எண்ண மாட்டேனா?” என்றார்.

குளிர்கால அணி என்று குறித்தான். தேர்வாவானா என்பது அவன் கையில் இல்லை. நேர்காணல், எய்ம்ஸ், ஔலி என்று எந்தப் படியிலும் வழுக்கலாம். போக முடியாமல் போனாலும், அந்த வீட்டில் பேசி முடித்தவை பேசி முடித்தவைதான். அம்மாவின் மாத்திரை அட்டை அக்காவின் பர்ஸில் இருக்கத்தான் போகிறது.

கடைசியாக, அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர் பெயர். அவன் யோசிக்காமல் அம்மாவின் பெயரை எழுதப் போனான். அம்மா பேனாவைப் பிடித்து நிறுத்தினார்.

“உனக்கு ஒண்ணுன்னா எங்கிட்ட சொல்லுவாங்க. சரி. எனக்கு ஒண்ணுன்னா உன்கிட்ட யாரு சொல்றது? அக்கா நம்பரைப் போடு.”

போட்டான்.